அண்ணன் குரலுக்கு இரண்டு டிஸ்க்

அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய், குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று கண்டியில் டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்த கவலை அவர் உயிரைப் பற்றியதல்ல, அவர் பாட்டைப் பற்றியது. எழுதவே கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

வத்தேகம பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மார்கழி பஜனை என்றால் அண்ணன்தான். அந்தத் தொண்டையில் பீடியும் பாட்டும் எப்படித்தான் ஒன்றாகக் குடியிருந்தனவோ. எனக்குப் பாட வராது, கேட்க மட்டும் தெரியும். கெலிஓயாவில் என் வீட்டு முன்னறையில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரும் அம்ப்ளிஃபயரும் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கரும் வைத்திருக்கிறேன். மனைவி திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

ஆப்பரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. அண்ணனைக் கூட்டி வந்து மைக்கின் முன்னால் உட்கார வைத்தேன். இருமலும் தண்ணீர் குடிக்கிற சத்தமும் என்னைத் திட்டியதும் சேர்த்து நாற்பத்தொரு பாட்டு. கடைசி நாள் மூச்சு வாங்கியது. போதும், எரிகிறது என்றார். இன்னும் ஒன்று என்றேன். பாவி, இன்னும் ஒன்று என்றேன்.

பதிந்தாயிற்று, எதில் வைப்பது? என் பழைய டிஸ்க் கரண்ட் போய்ப் போய் வந்ததில் உள்ளே இருந்த அத்தனை பாட்டோடும் செத்துப்போயிருந்தது. சூடு கண்ட பூனை நான். கண்டி டவுனில் கம்ப்யூட்டர்க் கடை வைத்திருந்த, திகன ஊர்க்காரரான முஸ்லிம் நானாவை ஒரு மத்தியானம் முழுக்கப் பாடாய்ப் படுத்தினேன். சுற்றாத வகை டிஸ்க் வேகமானது, ஆனால் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் என்றார். சுற்றுகிற வகை போவதற்கு முன் கொஞ்சம் முனகியாவது காட்டுமாம். காவல் கமராப் பெட்டிகளில் வருஷக்கணக்காக ஓடித் தேய்ந்ததைப் புதுசென்று விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்று திரையில் போட்டுக் காட்டச் சொல்லித்தான் வாங்கினேன். சுற்றுகிற வகையில் இரண்டு, அவற்றைப் போட ஒரு பெட்டி. ஒன்றில் எழுதுவது அதே நொடியில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். மூன்றாவதாக ஒரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள், இதில் ஒரு பாட்டை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழிந்துவிடும் என்று நானா படித்துப் படித்துச் சொன்னார். என் வீட்டில் எவன் அழிக்கப்போகிறான் என்று கேட்டேன்.

ஆப்பரேஷன் முடிந்தது. அண்ணி போய்ச் சேர்ந்து பல வருஷம், பிள்ளைகளும் இல்லை. கிளினிக்குக்குப் போய்வர வசதி என்று எங்களோடேயே அண்ணனை வைத்துக்கொண்டோம். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் ஒரு துணி. சொல்ல வேண்டியதைக் கொப்பியில் எழுதிக் காட்டுவார்.

ஆரஞ்சும் பால்மா டின்னுமாக நோய் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களை உட்கார வைத்து அண்ணன் பாட்டைப் போடுவேன். எப்பேர்ப்பட்ட குரல் என்று பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். எனக்குத் தலைகால் புரியாது. குரலைக் காப்பாற்றியவன் நான் அல்லவா? அண்ணன் மூலைக் கதிரையில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி இருப்பார். ஒரு தடவை பாட்டு ஓடும்போது கொப்பியை நீட்டினார். பொறுங்கள், பிறகு பார்க்கிறேன் என்று கையைக் காட்டினேன். பிறகு பார்க்கவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று திறந்தால் அண்ணன் பாட்டு ஒன்றுகூட இல்லை. வேறு பாட்டெல்லாம் இருந்தது.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ஓட்டை டிஸ்க்கை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். நானா பெட்டியை மாட்டி நெடுநேரம் பார்த்தார்.

"டிஸ்க் ரெண்டும் நல்லா ஈக்குது. ஆரோ கையால அழிச்சீக்கிறாங்க. சனிக்கெழம காலைல, பத்தரைக்கி."

சனிக்கிழமை காலையில் நானும் மனைவியும் வத்தேகமவில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். வீட்டில் இருந்தது அண்ணன் மட்டும்தான்.

மேலே வேறு எதையும் எழுதாவிட்டால் அழிந்ததைத் திரும்ப எடுக்கலாம், பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார் நானா. வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் அதே கதிரையில் இருந்தார். நீங்களா அழித்தீர்கள் என்றேன். ஆமென்று தலையை ஆட்டினார். நான் எதை அமுக்குகிறேன் என்று தினமும் பார்த்துப் பழகியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். நோயாளியிடம் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். நான் கத்தி ஓயும்வரை இருந்துவிட்டுக் கொப்பியை எடுத்தார். மெதுவாக எழுதினார்.

"வாரவங்கெல்லாம் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி அதக் கேட்டு அழுவுறாங்க. என்னைய யாரும் பாக்கல. நான் இன்னும் சாகலடா."

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுதால் அதையும் பார்த்துக்கொண்டு அவர்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பின்பக்கம் போய்விட்டேன்.

அடுத்த நாள் கடைக்குப் போய், எடுக்க வேண்டாம், இரண்டு டிஸ்க்கையும் முழுசாக அழித்துக் கொடுங்கள் என்றேன். நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது, வீட்டில் யோசித்துவிட்டு வாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். யோசித்தால் மனம் மாறிவிடும் என்று எனக்குத் தெரியும். முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

அதன்பிறகு ஏழு மாதம் இருந்தார். ஆட்கள் வந்தால் கொப்பியை அவர்கள் கையில் கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே வாசித்துச் சொல்வேன். மனிதர் நக்கலாகத்தான் எழுதுவார். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போன நாட்களும் உண்டு.

சாவு வீட்டுக்குப் பஜனைக் கோஷ்டிக்காரர்கள் தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் அண்ணன் பாட்டைப் போடச் சொன்னார்கள். இல்லை, அழிந்துவிட்டது என்றேன். யார் அழித்தது என்று சொல்லவில்லை. இவ்வளவு சாமானும் வைத்துக்கொண்டு கூடப்பிறந்தவன் குரலைக் காப்பாற்றத் துப்பில்லை என்று என் காதுபடவே பேசினார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர்களோடு தோட்டத்திலிருந்து வந்திருந்த எங்கள் சித்திதான் கிட்டே வந்து என் கையைப் பிடித்தார்.

"ஒரு பாட்டுக்கூடவா வைக்கல?"

வைக்கவில்லை என்றேன்.