சம்பந்தி முன்னால் ஒரு எக்கோ மிஷின்

என் கணவருக்குப் பேச்சு திக்கும். பாடினால் திக்காது. கிட்டார் வாசிக்கிறவரை யாரும் பேசச் சொல்வதில்லை என்பதால் எங்கள் மெல்லிசைக் குழுவில் அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. நான் அதே குழுவில் பாடுகிறவள். திருவண்ணாமலையைச் சுற்றி எந்த ஊரில் கூழ் ஊற்றினாலும், எந்த மண்டபத்தில் வரவேற்பு நடந்தாலும் நாங்கள் போவோம். மேடையில் பாடுவது நான். வீட்டில், காய்கறிக் கடையில், கேஸ் சிலிண்டர்காரரிடம் பேசுவதும் நான்தான். என்னைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று அவர் சொல்ல வந்த அன்று, பாதி வாக்கியத்திலேயே சரி என்றுவிட்டேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

அவரிடம் ஒரு பழைய எக்கோ மிஷின் இருக்கிறது. இரும்புப் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே டேப் ஓடும். கேசட்டில் இருக்கும் டேப் மாதிரிதான், ஆனால் முனையோடு முனை ஒட்டி வளையமாக்கியது. மைக்கில் பாடுவதை ஒரு ஹெட் அந்த டேப்பில் பதிக்கும். அடுத்த ஹெட் கண்ணிமைக்கும் நேரம் தள்ளி அதைத் திருப்பிப் பாடும். டேப் ஒரு சுற்று வந்ததும் பழையது அழிந்து அதன்மேல் புதியது பதியும். இதெல்லாம் இப்போது மிக்ஸரிலேயே ஒரு பொத்தானில் வருகிறது, போனில்கூட வருகிறதாம். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எனக்கும் அந்தப் பெட்டிதான் பிடிக்கும். அதில் போய்த் திரும்பி வரும்போது என் குரல் கொஞ்சம் நெளிந்து, கொஞ்சம் கனிந்து வரும். அட, நாமா பாடினோம் என்று இருக்கும்.

செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயில் வாசித்தபோது, ஒரு வெள்ளைக்காரர் பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து டேப் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தியானம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம். கடைசியில் பார்த்தால் விலைக்குக் கேட்கிறார். என் கணவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நான் "நோ" என்றுவிட்டேன்.

இந்தப் பெட்டியோடு பிழைப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பாடுகிறவருக்கு எக்கோ தேன். பேசுகிறவருக்கு அது வேப்பெண்ணெய். தான் பேசியது சற்றுத் தாமதமாகத் தன் காதிலேயே விழுந்தால் எப்பேர்ப்பட்ட வாய்ச்சவடால்காரருக்கும் நாக்கு குழறிவிடும். ஒரு திருவிழாவில் பாட்டு முடிந்ததும் எக்கோவை நிறுத்த மறந்துவிட்டோம். பேச வந்த தலைவர் 'பெரியோர்களே' என்ற வார்த்தையைத் தாண்ட முடியாமல் வேர்த்து விறுவிறுத்து நின்றார். அந்த ஊரில் அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை.

என் கணவருக்கு மட்டும் அது தலைகீழாக வேலை செய்தது. போன வருஷம் ஒரு நாள், ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து முடித்து, சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை வாயருகே வைத்திருந்தார். ஹாலில் எட்டிப் பார்த்து, மதியத்துக்கு என்ன செய்யட்டும் என்று சைகையில் கேட்டேன்.

"புளிக்குழம்பு வெச்சிடு. நேத்து பொரியல் இருக்குதுல்ல, அது போதும். காரம் கம்மியா போடு."

கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். எங்கும் தட்டாமல், தடுக்காமல் ஒரு முழுப் பேச்சு. அவரும் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார் பாருங்கள், அடைமழைதான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிவதைப் பற்றி, கிட்டார் கம்பியின் தரத்தைப் பற்றி, ஆரணிக் கச்சேரியில் நான் சுருதி இறங்கியதைப் பற்றி. இத்தனை காலம் இவ்வளவு புகாரையும் உள்ளேயே வைத்திருந்தாரா மனிதர்! என்னைக் குறை சொல்லச் சொல்ல நான் அழுதேன், சந்தோஷத்தில். ஹெட்போனைக் கழற்றியதும் பழையபடி திக்கல் வந்துவிட்டது.

இந்த வருஷம் எங்கள் மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீடு போளூர். சம்பந்தி உரக்கடை வைத்திருக்கிறார். பேசியே உரம் விற்கிறவர். அவர் பேச்சைக் கேட்டால் தொட்டியில் செடி வைத்திருப்பவர்கூட ஒரு மூட்டை வாங்கிப் போவார். நிச்சயத்துக்கு அவர் முதலில் பௌர்ணமியைத்தான் சொன்னார். அன்றைக்கு உங்கள் கார் ஊருக்குள்ளேயே நுழையாது, கிரிவலக் கூட்டத்தோடு நடந்துதான் வரவேண்டும் என்று நான் சொன்ன பிறகு தேதி மாறியது.

எங்கள் பக்கத்து நிச்சயத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வீட்டுத் தகப்பன்களும் எதிரெதிரே உட்கார்ந்து தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்வார்கள். பிள்ளையின் அப்பா, "பணம் உங்களுது, பொண்ணு எங்களுது" என்பார். பெண்ணின் அப்பா, "பொண்ணு உங்களுது, பணம் எங்களுது" என்று பதில் சொல்லவேண்டும். இப்படி மாறி மாறி மூன்று முறை, சபை கேட்க. அதைச் சொன்னால்தான் பெண் கொடுத்ததாக அர்த்தம். 'ப'வில் தொடங்கும் வார்த்தை என்றால் என் கணவருக்கு எமன்.

அவருடைய அண்ணன், என் மூத்தார், நல்ல மனிதர். எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் தம்பிக்குப் பதிலாகப் பேசியவர். "நான் சொல்லிடறேன்மா. அவனுக்கு எதுக்கு சிரமம்?" என்றார். "இல்லன்னா பாட்டாவே பாடச் சொல்லு, திக்காது."

"பொண்ணு குடுக்கறத பாட்டா பாடினா சம்பந்தி வீட்ல ஒன்ஸ்மோர் கேப்பாங்க மாமா," என்றேன்.

மகள் சிரிக்கவில்லை. "எங்கப்பா சொல்லணும் பெரியப்பா. அவர் வாயால சொல்லலன்னா எனக்கு நிச்சயமே வேணாம்."

சாயங்காலம் பார்த்தால் என் கணவர் எக்கோ மிஷினை இறக்கி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பேசுகிற இடத்தில் எல்லாம் பின்வரிசையில் உட்கார்ந்தே பழகிய மனிதர், இந்த ஒரு வார்த்தையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை என்று எனக்குப் புரிந்தது.

தினமும் ஹெட்போனோடு பயிற்சி நடந்தது. "பொண்ணு உங்களுது, பணம் எங்களுது." அடுப்படியில் நின்று கேட்பேன். தேங்காய் உடைத்த மாதிரி சுத்தமாக வந்து விழும். ஆனால் நிச்சயத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார முடியுமா? மகள்தான் வழி சொன்னாள். மண்டபத்து ஸ்பீக்கரில் சாதாரணக் குரல் போகட்டும், கச்சேரியில் பாடகருக்கு வைக்கிற மானிட்டர் பெட்டியைத் தரையில் பக்கத்திலேயே வைத்து அதில் மட்டும் எக்கோவைக் கொடுத்துவிடலாம் என்றாள். பந்தலிலும் மேடையிலும் வளர்ந்த பெண், அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு சின்ன மண்டபம். ஜமக்காளத்தின் நடுவில் குட்டை ஸ்டாண்டில் மைக், அருகில் மானிட்டர். என் கணவரின் முதுகுக்குப் பின்னால் துண்டு போர்த்திய எக்கோ மிஷின். மகள் பச்சைப் பட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் கணவர் வேட்டி மடிப்பைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாலும் முகத்தில் பயம் இல்லை. எனக்கும் இல்லை.

சம்பந்தி தட்டை ஏந்தியபடி மைக்கருகே குனிந்தார். "பணம் உங்களுது, பொ..." என்றவர் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினார். "பண... பணம் உங்... உங்க..." முகம் கறுத்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ கெக்கெக்கென்று சிரித்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே மைக், ஒரே மானிட்டர். எங்கள் பாடகருக்கு எது தேவை என்று மட்டுமே பார்த்துப் பழகிய நாங்கள், எதிரில் உட்காருகிறவரும் அதே மைக்கில்தான் பேசுவார் என்பதை அடியோடு மறந்துபோயிருந்தோம். ஒத்திகை பார்த்த நாளில் எல்லாம் சம்பந்தி வசனத்தைச் சொன்னவள் நான்தான், அதுவும் அடுப்படியிலிருந்து.

சபையில் வார்த்தை வராமல் நிற்பதும், பின்னாலிருந்து வரும் அந்தச் சிரிப்பும் எப்படி இருக்கும் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். என் கணவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்த் துண்டுக்கு அடியில் சுவிட்சை அணைத்தார்.

"இப்ப சொ... சொல்லுங்க சம்பந்தி," என்றார்.

சம்பந்தி சொன்னார். கணீரென்று வந்தது. மாறி மாறிச் சொல்லவேண்டிய வசனம் என்பதால் இனி எக்கோவைப் போடவும் வழியில்லை. போட்டால் அடுத்த முறையும் அவர் தடுமாறுவார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். என் கணவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

அவர் வாயைத் திறந்தார். "பொ... பொ..." மூத்தார் பாதி எழுந்தார். என் கணவர் திரும்பாமலேயே கையை நீட்டி, உட்காருங்கள் என்று காட்டினார். மகள் என் விரல்களைப் பிடித்து நெரித்தாள். நேரம் போனது. பிறகு வந்தது: "பொண்ணு உங்களுது, ப... பணம் எங்களுது."

சிரிப்புச் சத்தம் எதுவும் இல்லை. சம்பந்திக்கு என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ, தெரியாது. தேங்காயும் பழமும் கனக்கும் தட்டை இறக்காமல், என் கணவரின் முகத்தையே பார்த்தபடி இருந்தார். தன் முறை வந்தபோது, அதுவரை இருந்த வேகத்தைக் குறைத்து வசனத்தை நிதானமாகச் சொன்னார். பிறகு, "மெதுவா சொல்லுங்க சம்பந்தி. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றார்.

இரண்டாம் முறையும் அப்படியே கடந்தது. மூன்றாம் முறை அந்த 'பொ' வரவே இல்லை. உதடுகள் ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. சபை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்திருந்தது. எல்லோரும் அந்த வார்த்தை வரவேண்டுமே என்று வேண்டியிருப்பார்கள். அவரைப் பெற்றவர்கள் உயிரோடு இருந்திருந்தால் அவர்களும் அதைத்தான் வேண்டியிருப்பார்கள்.

என் கை மகளின் கைக்குள் இருந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் எங்கள் வீட்டுப் பெண். இன்னும் கொஞ்ச நேரம், அண்ணாமலையாரே, அந்த எழுத்து அவர் உதட்டிலேயே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அவர் சொல்லிவிட்டார்.