இரண்டாவது சென்சார்

இது நடந்தது. போத்தனூர் பெனடிக்ட்டைத் தெரிந்தவர்களுக்கு, அவனுக்குப் பொய் சொல்ல வராது என்பதும் தெரியும். ஏசி, ஹீட் பம்ப் பழுது பார்ப்பவன். மீட்டர் காட்டாத எதையும் நம்பாதவன். சந்தேகம் இருப்பவர்கள் ஆனைமலைக்குப் போய் நஞ்சுண்டன் தோப்பில் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை. விடாத மழை. நஞ்சுண்டனுக்கு ஜாதிக்காய்த் தோப்பு. ஜாதிக்காயின் மேல் சிவப்பாகப் படர்ந்திருக்குமே, அந்தப் பத்திரி மழைக்காலத்தில் காயாது. அதற்காக ஓர் அறை கட்டி, ஐம்பது டிகிரி சூட்டுக்கு ஹீட் பம்ப் வைத்திருந்தார். பழைய தெர்மோஸ்டாட் கெட்டுப்போனதால், திங்களன்று பெனடிக்ட் புதியதை மாட்டிவிட்டு வந்தான். மறுநாளே போன். அறைக்குள் குளிர்ந்த காற்று வருகிறது, சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் மொத்தப் பத்திரியும் பூசணம் பிடித்துவிடும் என்றார் நஞ்சுண்டன்.

பெனடிக்ட் வேலைக்குப் போகிற நிலைமையில் இல்லை. பதினோரு நாளைக்கு முன் அவன் மனைவி கிளாடிஸுக்கு எட்டாம் மாதத்திலேயே இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. மூத்தவன் நாற்பது நிமிடம்தான் இருந்தான். பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு தடவை தூக்கிக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் நீட்டியபோது பெனடிக்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பயம். வேறென்ன சொல்ல? எடை ஒரு கிலோ முந்நூறு என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்து மட்டும் போட்டான். கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனது மச்சான்தான். இளையவன் ஜெஃபின் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் வார்மருக்கு அடியில் கிடந்தான். அவனாவது பிழைக்க வேண்டும். அதைத் தவிர பெனடிக்ட்டுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனாலும் மாட்டியது தன் கை, தப்பும் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று கிளம்பினான்.

மணி 3:10. தப்பு உடனே கிடைத்தது. சூட்டையும் குளிரையும் மாற்றிவிடும் வால்வின் வயரைப் பழைய வரிசைப்படியே செருகியிருந்தான். புதியதில் வரிசை வேறு. மாற்றிப் போட்டான். டக்... உஸ்ஸ்ஸ்... வால்வு திரும்பியது. சூடான காற்று வந்தது. நிம்மதியான நஞ்சுண்டன் தட்டுகளை அடுக்க ஆள் கூட்டிவரப் போனார்.

3:25. அப்போதுதான் பெனடிக்ட் அதைப் பார்த்தான். டிஸ்ப்ளேயில் இரண்டு வரிகள். மேல் வரி, அறையின் சூடு. 39, 40 என்று ஏறிக்கொண்டிருந்தது. கீழ் வரி, இரண்டாவது சென்சாருக்கு. ஓர் அறைக்கு எதற்கு இரண்டு என்று அதை அவன் மாட்டவே இல்லை. பிரிக்காத உறையோடு அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. கீழ் வரியில் வெறும் கோடுகள்தான் இருக்க வேண்டும்.

35.6 என்று இருந்தது.

மெயினை அணைத்தான். ஒரு நிமிடம் விட்டுப் போட்டான். 35.4. மூடியைக் கழற்றிப் பார்த்தான். சென்சார் செருகும் இடம் காலி. மீட்டர் வைத்தான். ஒன்றும் காட்டவில்லை. டிஸ்ப்ளே மட்டும் 35.3 என்றது. போர்டே கோளாறு என்று முனகிக்கொண்டான்.

3:41. கிளாடிஸ் கூப்பிட்டாள்.

"ஏனுங்க... தம்பிக்கு உடம்பு சில்லுனு ஆகுதுங்க. வார்மர் நல்லாத்தான் ஓடுது, ஏன்னு தெரியலைங்கறாங்க. முப்பத்தஞ்சு புள்ளி ஒண்ணாமா."

பெனடிக்ட் நிமிர்ந்து பார்த்தான்.

35.1.

உடனே கிளம்பி ஓடியிருக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேர தூரம். எண் இங்கே, கண் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கால் நகரவில்லை.

3:52. கிளாடிஸிடமிருந்து மெசேஜ். வெறும் எண். 34.6.

டிஸ்ப்ளேயிலும் 34.6.

பெட்டியை இரண்டு கையாலும் பொத்தினான். வாயால் ஊதினான். மாதாவே, மாதாவே என்று கெஞ்சினான். 34.2. அறையில் நாற்பத்தேழு டிகிரி. அவன் வாயிலிருந்து பனிப்புகை வந்தது. பத்திரி வாசனை போய்விட்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசனை...

காற்றுக் குழாய்க்குள் ஏதோ சத்தம்.

ங்ஙா... ங்ஙா...

பூனைக்குட்டி மாதிரி. பலமே இல்லாத அழுகை.

4:05. 33.8.

அந்த நிமிடம் அவனுக்குப் புரிந்தது. சூடு தானாகக் குறையவில்லை. தம்பியிடமிருந்து யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். குளிரில் கிடக்கிற யாரோ. யாருமே தூக்காத யாரோ.

அட்டைப்பெட்டியைக் கிழித்தான். சென்சாரை எடுத்தான். ஒரு முனையைச் செருகினான். மறு முனையைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அழுத்திக்கொண்டான்.

"வா கண்ணு... அப்பாகிட்ட வந்துரு சாமி."

ஐஸ் வைத்த மாதிரி இருந்தது.

பிறகு, கனத்தது.

சுண்டுவிரல் நீளச் சென்சார் அது.

ஒரு கிலோ இருக்கும்... ஒரு கிலோ முந்நூறு இருக்கும்.

அசைந்தது.

பெனடிக்ட் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இறுக்கிப் பிடித்தான். அழுதான்.

34.5...

35.7...

36.8.

4:18. சட்டைக்குள் கனம் இல்லை. போன் அடித்தது.

"சூடாயிட்டானுங்க. கையக் கால ஆட்டறான்."

நஞ்சுண்டன் ஆட்களோடு வந்தபோது, ஐம்பது டிகிரி அறையில் தரையில் உட்கார்ந்து, உதடு நீலம் பாரித்து, வெறும் சட்டையைத் தட்டிக்கொடுத்துக் கொண்டிருந்தானாம். அவரே என்னிடம் சொன்னார். அன்றைக்கே அந்தச் சென்சாரைப் பிடுங்கிவிட்டார்கள். கீழ் வரியில் இப்போது கோடுகள்தான். நானும் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஜெஃபினை வீட்டுக்கு அனுப்பினார்கள். துணிமணிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஃபர்சானா என்ற நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு நாள் மட்டும் வேறு வார்டிலிருந்து மாற்று ஆளாக வந்தவளாம். அன்றைக்கு வார்மரில் இரண்டு குழந்தைகளையும் சேர்த்துப் போட்டிருந்தார்களே, அதில் ஒன்று ரொம்பக் குளிர்ந்து கிடந்ததே என்று அவளாகவே ஆரம்பித்தாள்.

"அப்பறம் நீங்கதானுங்ணா வந்து, அந்தப் பெரிய பாப்பாவச் சட்டைக்குள்ள வெச்சு ஸ்டூல்ல உக்காந்திருந்தீங்க. கங்காரு மாதிரி அணைக்கச் சொல்லுவமே, அதாக்கும்னு இருந்துட்டேன். நாலேகாலுக்குத் திரும்பிப் பாக்கறேன், ஸ்டூல் காலி." ஜெஃபின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கேட்டாள். "பெரியவன் நல்லா இருக்கானுங்களா?"

பெனடிக்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு கிளாடிஸ்தான் பதில் சொன்னாள்.

"நல்லா இருக்கானுங்க."