அறையில் இன்னொருவர்

அவர் போன பிறகு நான் அழவில்லை. குடிபாலாவிலிருந்து வந்த என் அண்ணி வரை எல்லோரும் அதைக் கவனித்தார்கள். "கல்லு மாரி ஒக்காந்துக்கினு இருக்குதே" என்று என் காதுபடவே பேசினார்கள். அழுகை வரவில்லை, அவ்வளவுதான். சோறு போட்டால் சாப்பிட்டேன், பாயை விரித்தால் படுத்தேன்.

என் வீட்டுக்காரர் திருப்பதியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டி போய்வந்தவர். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் எடுப்பதுதான் அவர் வேலை. பலமனேர் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் விடியற்காலையில் பஸ் பிடித்து வருவார்கள். தமிழ்ப் பிள்ளை என்றால் "துன்னியாப்பா?", தெலுங்குப் பிள்ளை என்றால் "தின்னாவா?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றால் கேன்டீனுக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். "பசியோட இருக்கறவன் இன்னா கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவான்" என்பார். மாரடைப்பு வந்து போய்விட்டார். அவர் நாற்காலிக்கு வேறு ஆளைப் போடவில்லை. நேர்காணல் செய்வதற்கு ஏஐ வாங்கிவிட்டார்கள்.

துக்கம் விசாரிக்க வந்த மேனேஜர், "ஸ்டோர்ஸ்ல ஒரு வேலை இருக்கு மேடம், அப்ளை பண்ணுங்க. ஆனா இப்ப எங்க கையில ஒண்ணும் இல்ல, எல்லாம் சிஸ்டம்தான்" என்றார். அந்த வேலை கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு நான் குடிபாலாவில் அண்ணன் வீட்டுக்கும், கூட இருக்கிற என் மாமியார் வேலூரில் மகள் வீட்டுக்கும் போகவேண்டியதுதான். இரண்டு இடத்திலும் எங்களை யாரும் வா என்று சொல்லவில்லை.

நேர்காணலுக்கு லேப்டாப்பை ஹாலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொழி தமிழ் என்று அழுத்தினேன். செய்தி வாசிக்கிற பெண்ணைப் போல ஒரு குரல் வணக்கம் சொல்லி, முதலில் அறையைச் சோதிக்கப்போவதாகச் சொன்னது. பிறகு திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. "அறையில் இன்னொருவர் இருக்கிறார். அவரை வெளியே அனுப்பவும்."

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவரில் அவர் படம். சந்தன மாலை, பொட்டு, மேலே ராத்திரி பகலாக எரிகிற ஜீரோ வாட் பல்பு. திரையில் அந்தச் சிவப்புக் கட்டம் அவர் முகத்தைச் சுற்றித்தான் விழுந்திருந்தது. கன்னத்தில் வெளிச்சம் பட்டு, அட, உயிரோடு இருக்கிறவர் மாதிரிதான் இருந்தார்.

எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் பின்னால் ஜன்னல். அந்த வெளிச்சத்தில் என் முகம் கறுத்துப்போய், முகம் தெரியவில்லை என்றது. உள்ளறையில் சிக்னல் கிடையாது. உதவி எண்ணுக்குப் போன் போட்டால் அங்கேயும் அதே குரல். "அம்மா தாயே, அது போட்டோ. ஆளு செத்துப்போயிட்டாரு" என்றேன். "உங்கள் பிரச்சினை புரிகிறது. அறையில் இருப்பவரை வெளியே அனுப்பிவிட்டு மீண்டும் முயலவும்" என்றது. என்னத்தைப் புரிந்ததோ அந்தச் சனியனுக்கு! சாயங்காலத்துக்குள் முடிக்காவிட்டால் விண்ணப்பம் ரத்தாகிவிடும் என்றும் சொன்னது.

வருஷத் திதி முடியும்வரை படத்தை ஆணியிலிருந்து எடுக்கக் கூடாது, விளக்கை அணைக்கக் கூடாது. எங்கள் வீட்டு வழக்கம், அதில் மாமியார் கண்டிப்பு. அதனால் ஒரு துண்டை எடுத்துப் படத்தின் மேல் போடப் போனேன். அத்தை பார்த்துவிட்டார்.

"மறுபடியும் அவன் மூஞ்ச மூடப்போறியா? அன்னிக்கி மூடனது போதாதா?"

துண்டோடு அப்படியே நின்றேன். கோபம்கூட வரவில்லை. "வேல போயிடும் அத்தை" என்றேன். "அவரு இருந்தா பேச வுட மாட்டேங்குது."

"யாரு?"

"மிஷினு."

அத்தை லேப்டாப்பைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். மகன் உட்கார்ந்த இடத்துக்கு வந்தது அதுதான் என்று அவருக்கும் தெரியும். வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். நான் பிடிக்கக்கூட இல்லை. படத்தைக் கழற்றி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"வா நைனா" என்றார் படத்திடம். பெற்ற மகனையும் அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார். "பொண்ணு பேசி முடிக்கட்டும். நாம வெளிய ஒக்காந்துக்கினு இருக்கலாம்."

கதவு சாத்தியது கேட்டது. பல்பு மட்டும் வெற்றுச் சுவரில் எரிந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

"நன்றி. நீங்கள் தனியாக இருப்பது உறுதி செய்யப்பட்டது. உங்களைப் பற்றி ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள்."

அந்த ஒரு நிமிடமும் அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்றுகூடப் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். அது குறுக்கே பேசவில்லை. நேரம் முடிந்ததும், உங்கள் பதில் பதிவாகிவிட்டது என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மிச்சத்துக்கெல்லாம் பதில் சொன்னேன். அழுததற்கு எத்தனை மார்க் போட்டதோ தெரியாது, அந்த வேலையில்தான் இன்றைக்கும் இருக்கிறேன்.

அன்றைக்கு லேப்டாப்பை மூடிய சத்தம் கேட்டதும் கதவு கொஞ்சமாகத் திறந்தது. படத்தை அணைத்தபடி அத்தை எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சிதாம்மா? நாங்க உள்ள வரலாமா?"