மொட்டையா, முட்டையா: பேன் மருந்துக் கவுண்டரிலிருந்து

மருந்துக் கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் சரக்குகள் இரண்டு. ஒன்றை நான் இங்கே எழுத வேண்டியதில்லை, இன்னொன்று பேன் லோஷன். மலையாள தேசத்தில், கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மெடிக்கல் ஷாப்பில் பத்தொன்பது வருஷமாக நான் பார்மசிஸ்ட். இதைப் படிக்கும்போதே உங்கள் கை தலைக்குப் போயிருக்கும். கூச்சப்படாமல் சொறிந்துகொள்ளுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சிதான்.

அடுத்த வீட்டுக் குழந்தை

சுபா மேடம் பக்கத்து ஸ்ரீவராகத்துக்காரர், பாங்க் அதிகாரி. இருமல் மருந்தைக்கூட அதட்டித்தான் கேட்பார். அன்று மட்டும், பக்கத்தில் நின்றவர்கள் நகரும்வரை சோப்பு அலமாரியை முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு, அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் பேன் என்று முணுமுணுத்தார். நானும் நம்பிய மாதிரியே லோஷனை எடுத்துவைத்து வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன்: தலையை அலசித் துவட்டிவிட்டுத் தடவ வேண்டும், பத்து நிமிஷம் கழித்துக் கழுவ வேண்டும், ஒன்பதாம் நாள் மறுபடி ஒரு தரம். வீட்டில் மற்ற எல்லார் தலையையும் பார்த்துவிடுவது நல்லது.

"எல்லார் தலையும்னா? எங்காத்துக்காரருக்கு மூணே மூணு முடிதான் இருக்கு. அவரையும் பாக்கணுமா?"

டைரியில் ஒரு வரி

மறுநாள் காலை பேச்சியம்மாள் வந்தாள். ஊர் தென்காசிப் பக்கம். இங்கே கட்டட வேலையில் சித்தாள். கூடவே அவள் மகள் மகி, மூன்றாம் வகுப்பு. இடுப்பு வரை தொங்கும் பின்னலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தது குழந்தை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பேச்சி கேட்டது பேன் மருந்து இல்லை, பிளேடு கீறினால் போடுகிற களிம்பு. "மொட்டை அடிச்சிட்டுத்தான் இனி ஸ்கூல்ல கேறணும்னு டீச்சர் எழுதி விட்டிருக்காங்கக்கா." ஓண விழாவுக்கு இன்னும் பன்னிரண்டே நாள். பள்ளிக்கூடத்தில் பெண் குழந்தைகள் வட்டமாக ஆடும் திருவாதிரைக்களியில் மகியும் உண்டு. மொட்டைத் தலையில் கொண்டையை எங்கே போடுவது, பூவை எங்கே வைப்பது?

எந்த டீச்சரும் இப்படி எழுத மாட்டாரே என்று மகியின் பள்ளி டைரியை வாங்கிப் பார்த்தேன். மலையாளத்தில் ஒரே வரி: 'பேனும் முட்டயும் போயிட்டு வந்நால் மதி.' பேனும் அதன் முட்டையும் போன பிறகு வந்தால் போதும், அவ்வளவுதான் விஷயம். நாம் ஈர் என்று சொல்வதை டீச்சர் முட்டை என்று எழுதிவிட்டார். பேச்சிக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. வாசித்துக் காட்டியது மகிதான். "மொட்டை இல்லம்மா, முட்ட" என்று அது வழி நெடுகக் கத்தியிருக்கிறது. "ரெண்டும் ஒண்ணுதாண்டி, நட" என்று இவள் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் விளக்கிச் சொன்னதும் பேச்சி அப்படியே கடைப்படியில் உட்கார்ந்து, மகளின் பின்னலை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் களிம்பை உள்ளே வைத்துவிட்டு, லோஷனையும் ஒரு பிளாஸ்டிக் பேன்சீப்பையும் எடுத்துக் கொடுத்தேன்.

"நல்லவேளைக்கா, சலூன்ல கூட்டம்."

பல்லிடுக்கு

மூன்றாம் நாள் பேச்சி திரும்பி வந்தாள், நான் கொடுத்த பிளாஸ்டிக் பேன்சீப்பைத் திருப்பிக் கொடுக்க. பல்லிடுக்கு அகலமாம், ஈர் அதில் உலா போகிறதாம். இரும்புச் சீப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்து, எப்படி வாருகிறாய் என்று கேட்டேன். தினமும் வேலைக்குப் போகுமுன், காலை வெயிலில், மகியை வெள்ளைத் துண்டின் மேல் உட்கார வைக்கிறாள். தலையை ஈரமாக்கி எண்ணெய் தடவி, முடியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, துணிக்குப் போடும் கிளிப்பை மாட்டுகிறாள். ஒரு பாத்தி முழுசாக முடியாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இன்னும் கவனமாகப் பார் என்று மட்டும் சொன்னேன், நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அது தெரியும்க்கா. சுவரு பூசும்போது மூலைய விட்டா விரிசல் அங்கதான் வரும்னு மேஸ்திரி சொல்லுவாரு."

குரூப்பில் வந்த செய்தி

ஒன்பதாம் நாள், இரண்டாவது லோஷன் வாங்க அம்மாவும் மகளும் வந்தார்கள். பேச்சி போனை நீட்டி, வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என்னவோ வந்திருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள் என்றாள். வாசித்தேன். வாசித்திருக்க வேண்டாம். ஒரு குழந்தையிடமிருந்துதான் வகுப்பு முழுக்கப் பேன் பரவியதாம், அந்தக் குழந்தையைத் திருவாதிரைக்களியிலிருந்து நீக்க வேண்டுமாம். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. மகி தலையைக் கவுண்டர் மேல் சாய்த்து, "எனக்குப் போயாச்சு ஆன்ட்டி, நோக்கிக்கோங்க" என்றது.

பக்கத்தில், ஒரு நாள் தாமதமாகத் தன் இரண்டாவது லோஷனுக்காக நின்றுகொண்டிருந்தார் சுபா மேடம். அவர் மகளும் அதே வகுப்பு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் வீட்டிலும் பேன்தான் என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் ஒருவர் வாங்கும் மருந்தை இன்னொருவரிடம் சொல்வது எங்கள் தொழிலுக்கு ஆகாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் தட்டச்சு செய்து எங்களுக்கும் வாசித்துக் காட்டினார்: "என்டெ மோளுடெ தலயிலும் பேன் உண்டு. எல்லாவரும் நோக்கணம்." என் மகள் தலையிலும் பேன் இருக்கிறது, எல்லாரும் பாருங்கள் என்று அர்த்தம். பாங்க்கில் அவர் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருப்பார், இதைவிடப் பெரியது எதுவும் இருக்காது என்பது என் கட்சி. அன்று சாயங்காலத்துக்குள் ஏழு அம்மாக்கள் வந்தார்கள். ஒருவர்கூடக் குரலைத் தாழ்த்தவில்லை. கடைசியாக வந்தவர் மலையாளத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"சேச்சி, பேன் மருந்நு. குட்டிக்கு அல்ல, எனிக்கு."

பிளாஸ்டிக் நாற்காலி

விழா நாள் காலையில், பேச்சியை இரும்புச் சீப்போடு வரச் சொன்னார் டீச்சர். ஆடுகிற பத்துக் குழந்தைகளையும் அவளே பார்த்துவிடட்டும் என்றாராம். நானும் கடையில் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டுப் போனேன். பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் பின்னால் பேச்சி. வரிசையில் ஒவ்வொரு குழந்தையாக வந்து உட்கார, முதல் ஆளாகத் தன் மகளின் தலையை டீச்சர் கண்ணெதிரே பாத்தி பாத்தியாகப் பிரித்துக் காட்டினாள். ஒரு ஈர் இல்லை. மகியின் பின்னலைக் கொண்டையாகச் சுற்றி, முல்லைச்சரம் வைத்தது டீச்சரேதான். டைரியில் 'ஈர்' என்று எழுதியிருக்க வேண்டும், தப்பு தன்னுடையதுதான் என்று பேச்சியிடம் நேராகவே சொன்னார். அதைச் சொல்லவும் ஒரு மனசு வேண்டும். அப்புறம் காலியான நாற்காலியில் தானே போய் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டார்.

"பேச்சீ, இனி என்டெ தலயும் ஒன்னு நோக்கு."

பேனுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது, பாங்க் வேலை எது, சித்தாள் வேலை எது என்றும் தெரியாது. இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு தலையைச் சொறிகிறவர்கள் நாம்தான்.