பத்துக் குண்டு, பதினான்கு ஓட்டை

கர்ரா ராணுவ முகாமின் சமையற்கூடத்துக்கு எலுமிச்சம்பழம் வருடத்தில் ஒரு நாள்தான் வரும். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள், எல்லாரும் பான்கேக் சுட்டு எலுமிச்சை பிழிந்து சாப்பிடும் பான்கேக் செவ்வாய். மெல்லிய தாளில் சுற்றி மரப்பெட்டியில் வரும் அந்தப் பழங்களை கார்ப்ரல் மாலக்கி கெவ்லின் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வெட்டுவான். பதினாறு வருடமாக அங்கே உருளைக்கிழங்கு உரித்தவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எலுமிச்சையை மரத்திலிருந்து தன் கையால் பறிக்க வேண்டும்.

அயர்லாந்தில் எலுமிச்சை மரம் ஏது? வெளிநாட்டுக்குப் போனால்தான் உண்டு. போவதற்குத் தடையாக இருந்தது துப்பாக்கி. சமையல்காரனானாலும் பத்துக் குண்டில் ஏழு குறியில் விழுந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். காங்கோவுக்கு ஆள் எடுத்தபோது மாலக்கி இரண்டு தடவை சுட்டான். முதல் தடவை இரண்டு, அடுத்த தடவை மூன்று. காங்கோ போய் வந்தவர்கள், அந்த வெயிலில் நம் கம்பளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு நின்றது ஆட்டையே போர்த்திக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது என்று சொல்லிச் சிரிப்பார்கள். கேட்கிற மாலக்கிக்குப் பொறாமையாக இருக்கும்.

1964 மார்ச்சில், ஐ.நா. படையோடு சைப்ரஸ் தீவுக்கு ஒரு பட்டாளம் போகப்போவதாகச் செய்தி வந்தது. சிப்பாய் டின்னி ரோச் சமையற்கூடத்துக்குள் ஓடிவந்தான். அவன் பெயர் ஏற்கனவே பட்டியலில் ஏறிவிட்டது.

"மாலக்கி! அங்க எலுமிச்சை ரோட்டோரத்துலயே காய்ச்சுத் தொங்குதாம்!"

"தொங்கட்டும். எனக்கென்ன?"

"உனக்கென்னவா? நீ வரலேன்னா குவில்லினனை அனுப்புறாங்களாம். அவன் முட்டைக்கோஸை முந்தாநாளே வேகப் போடுற ஆளு. ஆறு மாசம்யா! நாங்க உயிரோட திரும்ப வேணாமா?"

ஜூனில் மாலக்கிக்கு நாற்பது முடிகிறது. நாற்பது தாண்டிய ஆளைத் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று கேப்டன் ஹனாஃபின் சொல்லிவிட்டார். இந்தத் தடவை விட்டால் பிறகு இல்லை.

சுடுகிற நாளன்று காற்று பலமாக இருந்தது. புதிய ரைபிள்களையெல்லாம் காவலுக்குப் போகும் படைப்பிரிவுகள் எடுத்துக்கொள்ள, சமையல்காரனுக்குக் கிடைத்தது பழைய போல்ட் ரைபிள். ஒவ்வொரு குண்டுக்கும் வலது பக்கத்து இரும்புக் கைப்பிடியான போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். தோளில் கழுதை மாதிரி உதைக்கும். மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்த செம்மறியாடுகளில் இரண்டு, குறிப்பலகைக்கு முன்னால் வந்து நின்றன.

"விரட்டாதீங்கடா! மாலக்கி சுடுறப்ப அதைவிடப் பத்திரமான இடம் எது? ஆட்டுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல!" என்று ஒருவன் கத்தினான். ஆடுகள் நகர்ந்த பிறகுதான் சுட விட்டார்கள்.

குறிப்பலகைக்குக் கீழே மண்மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் டின்னியும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். குண்டு பட்டால் நீளக் கழியால் இடத்தைக் காட்டுவதும், தவறினால் சிவப்புக் கொடி ஆட்டுவதும் அவர்கள் வேலை. மாலக்கி சுடும்போது கொடி ஆட்டிக் கை வலிக்கும் என்பது பழைய கேலி. அன்று என்னவோ கொடி அதிகம் எழவில்லை. கழிதான் திரும்பத் திரும்ப எழுந்தது. மாலக்கிக்கே நம்ப முடியவில்லை.

கேப்டன் காகிதக் குறியைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"கார்ப்ரல் கெவ்லின், எத்தனை குண்டு சுட்டீங்க?"

"பத்து, சார்."

"இதுல பதினாலு ஓட்டை இருக்கு. உங்களைக் கூட்டிட்டுப் போனா சைப்ரஸுக்கு வெடிமருந்தே தேவைப்படாது போலிருக்கே!"

பள்ளத்தில் இருந்த நாலு பேருக்கும் மாலக்கியின் கைப்பக்குவம் பிடிக்கும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், ஆளாளுக்குப் பென்சிலை எடுத்துத் தங்களால் முடிந்த ஓட்டையைப் போட்டிருந்தார்கள். கேப்டன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை மறுபடி சுடுவீங்க. பள்ளத்துல நான் உட்காருவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்த மாலக்கி நடந்ததைச் சொன்னான். அவன் மனைவி டெல்லா அதிகம் பேசமாட்டாள். கையில் துணி தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தவன், சாஸ் பாட்டிலில் மிச்சம் இருக்கிறதா என்று அதைத் தூக்கி அதன் வாய் வழியாக உள்ளே பார்த்தான்.

"அப்படியே இரு. அசையாதே" என்றாள் டெல்லா.

"என்னடி?"

"எந்தக் கண்ணால பாக்கற?"

மாலக்கி யோசித்தான். பாட்டில் இடது கண்ணில் ஒட்டியிருந்தது.

"சாவித் துவாரத்துல பாக்கறதும் அந்தக் கண்தான். ஊசியில நூல் கோக்கறப்பவும் அதுதான். பதினஞ்சு வருஷமா பாக்கறேனே" என்றாள் டெல்லா. "சுடறப்ப எந்தக் கண்ணை மூடுவ?"

"இடது... எல்லாரும் அதைத்தானே மூடறாங்க?"

"அடப்பாவி! நல்ல கண்ணை மூடிட்டு மக்குக் கண்ணால சுட்டா எங்க படும்?"

சின்ன வயதில் இடது கையால் எழுதியதற்கு வாத்தியார் அந்தக் கையை நாற்காலியோடு கட்டிப்போட்டது மாலக்கிக்கு நினைவு வந்தது. அன்றிலிருந்து ஊர் பார்க்க வலது கை. யாரும் பார்க்காத சமையற்கூடத்தில் இடது கை. துப்பாக்கியை ஊர் பார்க்கத்தான் சுட்டான்.

அந்த வாரம் முழுக்க, மாலைத் தேநீருக்குப் பதிலாக அவர்கள் வீட்டில் துடைப்பப் பயிற்சி நடந்தது. துடைப்பத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு தரையில் படுத்தபடி, வலது பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்ட போல்ட்டை எட்டி இழுத்துப் பழகினான். "டப்" என்பாள் டெல்லா, ஒவ்வொரு தடவையும். ஒரு தடவை "அது ஆட்டுமேல பட்டுடுச்சு" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை கேப்டன் ஹனாஃபின் நாலு பேரின் சட்டைப்பைகளையும் சோதித்துப் பென்சில்களைப் பிடுங்கிக்கொண்டு அவர்களோடு பள்ளத்தில் இறங்கினார். மாலக்கி இடது தோளில் ரைபிளை வைத்ததும் பின்னால் ஒரே கூச்சல்.

"இவன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடிச்சிருக்கான்டா! எல்லாரும் படுத்துக்குங்க!"

முதல் குண்டுக்குச் சிவப்புக் கொடி. இரண்டாவதற்கும் கொடி. பள்ளத்தில் டின்னி கண்ணை மூடிக்கொண்டான். மாலக்கி மூச்சை இழுத்தான். சாஸ் பாட்டிலின் வாய்க்குள் பார்ப்பதாக நினைத்துக்கொண்டான். சுட்டான்.

கழி எழுந்தது.

போல்ட்டை எட்டி இழுத்தான், சுட்டான். கழி. மறுபடியும் கழி. பிறகு கொடி எழவே இல்லை. கேப்டன் தானே காகிதத்தைத் தூக்கிக்கொண்டு இருநூறு கஜமும் நடந்து வந்தார். ஒவ்வொரு ஓட்டையிலும் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார்.

"எட்டு. பென்சிலெல்லாம் என் பையில இருக்கு. போய் மூட்டையைக் கட்டுங்க, கார்ப்ரல்."

பின்னாலேயே ஓடிவந்த நாலு பேரும் மாலக்கியைத் தூக்கப் பார்த்து, முடியாமல், கீழே போட்டார்கள்.

ஏப்ரல் கடைசியில் சைப்ரஸ் முகாமுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர், எவ்வளவு வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளச் சொல்லி எலுமிச்சை மரங்களைக் கைகாட்டினார். மாலக்கி ஒரே ஒரு பழத்தை இலையோடு பறித்து வெகுநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு ஒரு வாளி நிறையப் பறித்தான். அன்று மாலை கூடாரத்து அடுப்பில் படைப்பிரிவு முழுவதற்கும் பான்கேக் வெந்தது.

தட்டோடு வந்த கேப்டன், "இன்னைக்குப் பான்கேக் செவ்வாய் இல்லையே, கார்ப்ரல்? ஈஸ்டரே முடிஞ்சு மாசமாச்சு" என்றார்.

"மரத்துக்கு அது தெரியாது, சார்."

இலையோடு பறித்த முதல் பழத்தைப் பொட்டலம் கட்டி டெல்லாவுக்கு அனுப்பினான். கூடவே ஒரு கடிதம். எழுத்துகள் கோணல்மாணலாக, ஆட்டு மந்தை கலைந்த மாதிரி இருந்தன. முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு இடது கையால் எழுதியிருந்தான்.