பகலில் பாடிய மீன்

நான் பொய் சொல்லி ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. வயதைச் சாட்டித் தப்ப நினைக்கவில்லை.

ஆபிரிக்கத் துறைமுகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு இலங்கைக்கு வந்த வெள்ளைக்காரச் சுற்றுலாக் கூட்டமொன்று, ஒரு நாள் ஓய்வுக்காக மட்டக்களப்பில் தங்கியது. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று அவர்களுடைய வழிகாட்டி சொல்லிவிட்டார். தோணி பிடித்துக் கொடுத்தவர் என் மாமா. தோணி காத்தான்குடி முஸ்லிம் ஒருவருடையது; அண்ணன் என்ற முறையில் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அதில் ஊறும் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றுவது என் வேலை.

"பகல்ல கேளாது. நிலவுக்கு வரச் சொல்லுங்க," என்றார் காக்கா.

"நீங்க துடுப்பு வலிச்சாப் போதும் காக்கா. மீனைப் பாட வைக்கிறது என்ட வேலை." மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நடு வாவியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி துடுப்பில் காதை வைத்தாள். மாமா அந்தத் துடுப்பைத் தோணியின் விளிம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். அவர் காலடியில் குனிந்திருந்த நான், சொல்லித்தந்தபடி சிரட்டையை அடிப்பலகையில் மெல்லத் தேய்த்தேன். கிழவியின் கண்கள் நிறைந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். வழிகாட்டி மட்டும் என் கையைப் பார்த்தார்.

"ஆர்டா செய்யச் சொன்னது?"

கைதட்டல் நின்றது. மாமா வானத்தைப் பார்த்தார். அவருடைய கால்விரல் என் முதுகில் அழுந்தியது.

"காக்கா," என்றேன்.

காக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பேசாமல் கரைக்கு வலித்தார். அவருக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் சுற்றுலாக்காரர் எவரும் அவர் தோணியில் ஏறவில்லை. அடுத்த கோடையில் மாமா சொந்தத் தோணி வாங்கினார். முதல் சவாரி எனக்குத்தான்.

படித்தேன், ஆசிரியரானேன், ஓய்வும் பெற்றேன். பஸ் காத்தான்குடியைத் தாண்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். சுனாமியில் காக்காவின் தோணி போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். மேற்கொண்டு எதுவும் விசாரிக்காமல், பெயரும் சொல்லாமல், புதுத் தோணி ஒன்று அனுப்பிவைத்தேன். போர் முடிந்த பிறகுதான் காக்காவிடம் நேரில் போகத் துணிவு வந்தது.

நான் அனுப்பிய தோணி அவர் வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. அடிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சதுதானே மனே. சின்னப் பொடியன் நீங்க, பொய்யன் எண்டு பேர் வந்திடும் எண்டு வாயை மூடிட்டன்."

எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"என்னட்டக் கேட்டு என்ன? சிரட்டைக் கள்ளன்ட மகன் எண்டு பள்ளிக்கூடத்தில என்ட பிள்ளையத்தான் பழிச்சானுகள். வாப்பா அப்படிச் செய்யல்ல எண்டு நான் சொன்னா அவன் நம்பல்ல. அவனிட்டயெல்லோ நீங்க சொல்லியிருக்கணும்."

நான் தோணியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"ஆரோ நல்ல மனிசன் அனுப்பினது. வலிக்கத்தான் ஆளில்ல. கடல் வந்த அண்டைக்கு அவனும் போயிட்டான்."

அனுப்பியது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டு வயதில் நான் பயம் என்று நினைத்த அதே மௌனத்தோடு, அவர் எழுந்துபோய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.