கருவாட்டுத் தலைக்குள்ள ஒரு கல்லு

இன்னைக்குக் காலையில ராகலை டவுன்ல ஒரு கருவாட்டுக் கடைக்குப் போனேன். எங்க ஆளுங்க தலையை வெட்டிட்டுத்தான் கருவாட்டை நிறுக்கச் சொல்வாங்க. வெட்டின தலையெல்லாம் மேசைக்குக் கீழ ஒரு பெட்டியில கெடக்கும்.

"முதலாளி, எனக்கு அந்தத் தலை மட்டும் வேணும்."

"டீச்சர் வீட்டுல எத்தனை பூனைங்க?"

"பூனைக்கு இல்லங்க. நாளைக்குப் பிள்ளைங்களுக்குக் கடல் பாடம்."

"மலையில இருக்குற பிள்ளைங்களுக்குக் கடல் எதுக்குங்க?"

இதுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. ஒரு பெரிய தலையை எடுத்து அங்கேயே உடைச்சேன். மீனோட காதுக்குள்ள இருக்குற சின்னக் கல்லை எடுத்து, பையில இருந்த லென்ஸோட அவர் கையில குடுத்தேன். மரத்தை அறுத்தா தெரியுற மாதிரி அதுல வளையம் வளையமா இருக்கும். மீனோட வயசை அதை வச்சுத்தான் கணிப்பாங்க.

முதலாளி ரொம்ப நேரம் பார்த்தாரு. நெத்தலி வாங்க வந்த அக்கா ஒருத்தங்க பறிக்காத குறையா அதை வாங்கிப் பார்த்துட்டு, "இவ்வளவு காலமா இதையா தூக்கிப் போட்டோம்"னாங்க.

"பெட்டியைச் சாயந்தரம் வந்து எடுத்துக்கிறேன்"னு கிளம்பினேன்.

"சரிங்க டீச்சர், அந்த லென்ஸை மட்டும் வச்சுட்டுப் போங்க."

ஸ்கூல் விட்டுத் திரும்பி வந்தா பெட்டி காலி.

"வாறவங்க எல்லாரும் காட்டச் சொல்றாங்க டீச்சர். உடைச்சு உடைச்சுக் காட்டி எல்லாத் தலையும் முடிஞ்சிருச்சு."

நாளைக்குப் பாடம் நடந்தே தீரும். உங்க வீட்டுல மீன் தலை இருந்தா காலையில ராகலை வாற பஸ்ல குடுத்து விடுங்க.

பூனை வளர்க்குறவங்க மன்னிக்கணும்.